கடியாக் கொசுவும் அதன் பெயரும்

கதிரவன் மறையும் வேளையில் ஏரி, குளம், ஆறு முதலிய நீர்நிலைகளின் கரையில், ஒரு மரக்கிளைக்கு மேலோ வேலிக்கம்பத்திற்கு மேலோ புகைபோல எழுந்தும் தாழ்ந்தும் ஆடும் பூச்சிக்கூட்டத்தைக் காணாதார் அரியர். கண்டார் பலரும் அதனைக் கொசுக்கூட்டம் என்றெண்ணி விலகிச் செல்வர். தவறி அதனுள் புகுந்து வெளிவந்தவர், தம் உடலில் ஒரு தடிப்பேனும் தோன்றாமை கண்டு வியப்பர். அவை கொசுவின் தோற்றமுடையனவே அன்றிக் கொசுக்கள் அல்ல. குருதி உறிஞ்சும் நீண்ட ஊசிவாய் அவற்றிற்கு இல்லை. இறகு முளைத்த பின்னர் அவை வாழ்வது சில நாட்களே. அந்நாட்களில் இணைந்து, நீரில் முட்டையிட்டு, மடிந்துவிடும். இவற்றைக் கடியாக் கொசுக்கள் எனலாம்.

கொசுவையும் இதனையும் வேறுபடுத்திக் காண்பது கடினமன்று. கொசுவின் சிறகில் செதில்கள் உண்டு. இதன் சிறகில் அவை இல்லை. சுவரில் அமர்ந்திருக்கும்பொழுது கொசு தன் பின்னங்கால்களைத் தூக்கி வைத்துக்கொள்ளும். கடியாக் கொசுவோ நீண்ட முன்னங்கால்களைத் தூக்கி அசைத்துக்கொண்டிருக்கும். இவ்வசைவைக் கண்டே, ஜெர்மன் நாட்டுப் பூச்சியியல் அறிஞர் மைகன் என்பார் 1803-ஆம் ஆண்டில் இவற்றுள் ஒரு பேரினத்திற்குக் 'கைரோனோமஸ்' என்று பெயரிட்டார். கையசைத்து அபிநயம் செய்பவன் என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். கூத்தனின் பெயரை ஒரு சிறு பூச்சிக்குச் சூட்டிய அவ்வறிஞர், பிரெஞ்சு மொழி கற்பித்து எளிய வாழ்வு வாழ்ந்தவர்.

குடும்பத்தைக் காண்பது எளிது. அதற்குள் இனத்தைக் காண்பதே அரிது. உலகெங்கும் இக்குடும்பத்தில் இதுவரை பெயர் பெற்ற இனங்கள் 6,000-க்கு மேற்பட்டவை. இன்னும் பெயர் பெறாதவை பல ஆயிரம் இருத்தல் கூடும் என்பது அறிஞர் கருத்து. வெறுங்கண்ணுக்கு இவை ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. அவ்வாறாயின், இத்துணைச் சிறிய உயிர்களைப் பிரித்துப் பெயரிடுவதனால் விளையும் பயன் யாது என்னும் வினா எழுதல் இயல்பே.

அதற்கு விடை நீருக்கு அடியில் உள்ளது. கடியாக் கொசுவின் வாழ்நாளிற் பெரும்பகுதி புழுப்பருவமாக நீரடிச் சேற்றிலேயே கழிகிறது. சில இனங்களின் புழுக்கள் குருதிபோலச் சிவந்திருக்கும். மனிதனின் குருதியில் உள்ள ஹீமோகுளோபின் வகைப் பொருள் அவற்றின் உடலிலும் இருப்பதே காரணம். பிராணவாயு மிகக் குறைந்த சேற்றிலும் அவை உயிர்வாழ வல்லவை. வேறு சில இனங்களோ தெளிந்த, பிராணவாயு நிறைந்த நீரிலன்றி வாழா. ஆதலின், ஓர் ஏரியின் அடிச்சேற்றில் எவ்வினப் புழு வாழ்கிறது என்று அறிந்தால், அவ்வேரியின் நிலையை அறிந்தவாறாகும். ஜெர்மனியில் ஐஃபல் மலைநாட்டு எரிமலை வாய்களில் அமைந்த ஏரிகளை ஆராய்ந்த தீனமான் என்னும் அறிஞர், இப்புழுக்களைக் கொண்டே ஏரிகளை வகைப்படுத்தினார். இன்றும் பல நாடுகளில் ஆற்றுநீரின் தூய்மையை மதிப்பிடுவோர் இவற்றைத் துணைக்கொள்கின்றனர். இனத்தைப் பிழையாகக் கண்டால் நீரைப் பற்றிய தீர்ப்பும் பிழையாகிவிடும்.

சூடான் நாட்டின் நைல் ஆற்றங்கரை மக்கள் இவ்வுண்மையை வேறொரு வகையில் உணர்ந்தனர். ஆண்டின் ஒரு பருவத்தில் பசுமை நிறமுடைய சிறு பூச்சிகள் கோடிக்கணக்கில் எழுந்து விளக்கு வெளிச்சத்தை மொய்க்கும். அவை கடிப்பதில்லை; ஆயினும் அவை பெருகிய காலத்தில் பலர் மூச்சிரைப்பு நோயால் வருந்தினர். மக்கள் அவற்றை 'நிமித்தி' என்று வழங்கினர். அப்பூச்சிக்கு 1950-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துப் ஃபிரீமன் விளக்கம் எழுதி, 'லூயிசி' என்னும் இனப்பெயரை அளித்தார். பிற்காலத்து ஆராய்ச்சியில், இப்பூச்சிகளின் ஹீமோகுளோபினே ஒவ்வாமையைத் தூண்டும் பொருள் என்பது புலனாயிற்று. மருத்துவர் ஆராய்ந்த பூச்சியும் நீர்நிலை வல்லுநர் ஆராய்ந்த பூச்சியும் ஒன்றே என்று உறுதி கூறியது அந்தப் பெயரே.

பெயரிடும் வழக்கம் 1758-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் வெளியிட்ட நூலின் பத்தாம் பதிப்பிலிருந்து கணக்கிடப்படுகிறது. அவர் வகுத்தபடி ஒவ்வோர் உயிருக்கும் பேரினப் பெயர் ஒன்றும் இனப்பெயர் ஒன்றுமாக இரு பெயர்கள் உண்டு. ஓர் உயிருக்கு இருவர் வெவ்வேறு பெயர் சூட்டியிருப்பின், முந்தியதே நிற்கும் என்பது பொதுவிதி. இவ்விதி கடியாக் கொசுக்களின் வரலாற்றில் பெருங்குழப்பம் ஒன்றை விளைத்தது. மைகன் 1803-க்கு மூன்றாண்டுகள் முன்னரே, 1800-இல், ஒரு சிறு வெளியீட்டில் வேறு பெயர்களைக் கூறியிருந்தார். யாரும் கவனியாது கிடந்த அவ்வெளியீட்டை 1908-இல் ஹெண்டல் என்பவர் மீண்டும் வெளிச்சத்திற்குக் கொணர்ந்தார். 'கைரோனோமஸ்' என்பதற்குப் பதிலாக 'டெண்டிபெஸ்' என்பதே முந்திய பெயர் என்று ஒரு சாராரும், நெடுங்காலம் வழங்கிய பெயரை விடலாகாது என்று மற்றொரு சாராரும் பிரிந்தனர். ஒரே குடும்பம் நூல்களில் இரு பெயர்களால் வழங்கியது. 1963-ஆம் ஆண்டில் விலங்குப் பெயரீட்டிற்கான பன்னாட்டு ஆணையம் 1800-ஆம் ஆண்டுப் பெயர்களை விலக்கித் தீர்ப்பளித்த பின்னரே அவ்வழக்கு ஓய்ந்தது. பூச்சி அரை அங்குலமும் இல்லை. வழக்கோ அரை நூற்றாண்டைக் கடந்தது!

இதனினும் பெருந்தொல்லை தந்தது, சுருங்கிய விளக்கமும் அழிந்த மாதிரியும் ஆகும். பிரான்சு நாட்டு எல்லையை அடுத்த பிச் என்னும் ஊரில் ஆசிரியராக இருந்த கீஃபர் என்னும் பாதிரியார் அயரா உழைப்பாளி. பல நாடுகளிலிருந்தும் பூச்சிகள் அவரை நாடி வந்தன. கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் மாதிரிகளையும் ஆராய்ந்து 1910-இல் ஒரு நூல் வெளியிட்டார். எண்ணிறந்த இனங்கட்குப் பெயரிட்ட பெருமை அவருடையது. எனினும், அவர் விளக்கங்களுட் பல சில வரிகளில் அடங்குவன. அவர் கண்டு எழுதிய மாதிரிகளிற் பல இன்று இல்லை. அவர் கூறிய பூச்சி எது என்று தெளியமாட்டாமல் பிற்காலத்தார் இடர்ப்பட்டனர். பெயர் இருந்தும் பொருள் இல்லாத நிலை அது. இத்தகைய இடங்களில், பூச்சி முதலிற் கிடைத்த ஊருக்கே சென்று, மீண்டும் திரட்டி, அதனைப் புது மூல மாதிரியாக நிறுவுதல் ஒன்றே வழி. ஊர்ப்பெயரையேனும் எழுதி வைத்திருந்தால் அதுவும் இயலும்.

இக்காலத்தில் புதிய இனம் ஒன்றைக் கூற முற்படுபவர் செய்யவேண்டுவன பல. வலையால் பிடித்த ஆண்பூச்சி முதலில் ஆல்கஹாலில் இடப்படும். பின்னர், பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடுக் கரைசலில் அதன் தசைகள் கரைக்கப்படும். உடற்கூடு மட்டும் கண்ணாடிபோலத் தெளிந்து நிற்கும். நுண்ணோக்கியின் கீழ் மெல்லிய ஊசிகளால் சிறகு, கால், தலை, மார்பு, வயிறு ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்துக் கண்ணாடித் தகட்டின்மேல் தெளிந்த பிசினில் பதித்தல் வேண்டும். கை சிறிது நடுங்கினும் உணர்கொம்பு ஒடிந்துவிடும். ஒரு பூச்சியைச் செம்மையாகப் பதிப்பதற்கு நெடும் பயிற்சி தேவை.

அடுத்தது அளத்தல். உணர்கொம்பின் கடைசிக் கணு 600 மைக்ரான் நீளமும், ஏனைய கணுக்கள் கூடி 300 மைக்ரான் நீளமும் இருப்பின், அவற்றின் விகிதம் 2 எனக் குறிக்கப்படும். முன்னங்காலின் பாதத்து முதற்கணுவிற்கும் அதற்கு மேலுள்ள கணைக்காலுக்கும் இவ்வாறே விகிதம் காண்பர். நீளத்தை விடுத்து விகிதத்தை நாடுவது ஏன்? உணவு குறைந்தாலும் நீர் குளிர்ந்தாலும் ஓரினத்துப் பூச்சியே சிறுத்தும் பெருத்தும் காணப்படும். விகிதமோ அவ்வளவு மாறுவதில்லை. எல்லாவற்றினும் சிறந்த அடையாளம் ஆண்பூச்சியின் வால்நுனியிலுள்ள பற்றுறுப்பு ஆகும். அதன் மடல்களின் வளைவும், அவற்றின்மேல் உள்ள மயிர்களின் எண்ணிக்கையும் இனத்திற்கு இனம் வேறுபடும். வேறு எவ்வகையிலும் பிரித்தறிய ஒண்ணாத இரு பூச்சிகள் இங்கே தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால், ஆற்றில் கிடைப்பது ஆண்பூச்சி அன்று, புழு. புழுவின் தலையடியில் உள்ள தகட்டில் பல்வரிசை ஒன்று உண்டு. அப்பற்களின் எண்ணிக்கையும் வடிவும் அடையாளமாகும். மணலை அரித்துத் தின்னும் புழுவிலோ அவை தேய்ந்து ஏமாற்றும். இப்புழுவே வளர்ந்து அப்பூச்சி ஆயிற்று என்பதை எவ்வாறு நிறுவுவது? ஒரு புழுவைத் தனியே ஒரு சிறு கண்ணாடிக் குழாயில் விட்டு வளர்த்தல் வேண்டும். அது கூட்டுப்புழுவாகும்போது ஒரு சட்டையை உரிக்கும்; இறகு பெற்று எழும்போது மற்றொரு சட்டையை விட்டுச்செல்லும். இவ்விரு சட்டைகளையும் எழுந்த பூச்சியையும் சேர்த்துப் பதித்துவிட்டால், ஒரே உயிரின் முப்பருவமும் ஒருங்கே நின்று சான்று பகரும். ஏரியின் மேற்பரப்பில் மிதக்கும் கூட்டுப்புழுச் சட்டைகளையும் அறிஞர் அரித்துத் திரட்டுவர். எறியப்பட்ட சட்டையைக் கொண்டே அதனை அணிந்திருந்தவர் யார் என்று கூறும் இக்கலையைத் தீனமான் 1910-ஆம் ஆண்டிலேயே வற்புறுத்தினார்.

இத்துணையும் செய்தபின் 'இனங்காண் திறவுகோல்' என்னும் அட்டவணையைக் கொண்டு ஒப்பிடுவர். சிறகுப் பரப்பில் மயிர் உண்டா, இல்லையா? உண்டெனின் ஒரு வழி; இல்லையெனின் மற்றொரு வழி. இவ்வாறு இரண்டிரண்டாகப் பிரியும் வினாக்களின் முடிவில் பெயர் கிடைக்கும். கிடைக்கவில்லையாயின் உடனே புதிய இனம் எனக் கொள்ளுதல் தகாது. அண்டை நாட்டில் நூறாண்டுக்கு முன்னர் ஒருவர் அதனை விளக்கியிருக்கலாம். அருங்காட்சியகங்களில் உள்ள மூல மாதிரிகளோடு ஒத்துப் பார்த்து, வேறுபாடு நிலையானது என்று தெளிந்த பின்னரே பெயரிடுதல் முறை. பெயரிடும்பொழுது ஒரு பூச்சியை மூல மாதிரியாகக் குறிப்பிட்டு, எதிர்காலத்தார் காணுமாறு ஓர் அருங்காட்சியகத்தில் வைப்பர். 2000-ஆம் ஆண்டு முதல், புதிய இனத்திற்கு மூல மாதிரி குறிக்கப்படாத பெயரை விதி ஏற்பதில்லை.

இவ்வளவு நுணுக்கம் வேண்டுமோ என்று ஐயுறுவார்க்கு ஆப்பிரிக்கப் புழு ஒன்றின் வரலாறு விடையாகும். வட நைஜீரியாவில் வெயிலிற் காயும் பாறைகளில் ஆழமற்ற குழிகள் உள்ளன. மழை பெய்தால் அவை நிறையும். சில நாட்களில் வறண்டுவிடும். அக்குழிகளில் வாழும் ஒரு புழுவை பிரிஸ்டல் பல்கலைக்கழகத்து ஹிண்டன் ஆராய்ந்து, 1951-இல் புதிய இனமென விளக்கினார். பேரினப் பெயர் 'பாலிபெடிலம்'. அது கீஃபர் 1912-இல் அமைத்தது. வாண்டர்பிளாங்க் என்னும் பூச்சியியலாரின் நினைவாக 'வாண்டர்பிளாங்கி' என்பது இனப்பெயர் ஆயிற்று. குழி வறளும்போது இப்புழுவும் உடன் வறள்கிறது. உடல்நீர் அனைத்தும் ஏறக்குறைய நீங்கிச் சருகுபோலாகிறது. மீண்டும் மழைத்துளி பட்டால் ஒரு மணி நேர அளவில் அசையத் தொடங்குகிறது. உலர்ந்த புழுவை ஹிண்டன் 102 சென்டிகிரேடு வெப்பத்திலும், சுழிக்குக் கீழ் 270 பாகைக் குளிரிலும் சிறிது நேரம் வைத்து எடுத்தார். நீரில் இட்டபோது அது உயிர்த்தது. பதினேழு ஆண்டுகள் உலர்ந்து கிடந்து உயிர்த்தெழுந்த புழுக்களும் உண்டு. உலரும்போது 'டிரெஹலோஸ்' என்னும் சர்க்கரை அதன் உடலில் மிகுதியாகச் சுரந்து உயிரணுக்களைக் காக்கின்றது எனப் பின்னர் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் கண்டனர். மெல்ல உலர்ந்தாலன்றி அச்சர்க்கரை போதிய அளவு சுரவாது. விரைந்து உலர்த்தப்பட்ட புழு மாண்டுவிடும்.

இதே பேரினத்தில் 'நியூபிஃபர்' என்னும் மற்றோரினம் உண்டு. அது உலர்ந்தால் மீள்வதில்லை. 2014-ஆம் ஆண்டில் இவ்விரண்டின் மரபுப் பொருளையும் ஒப்பிட்டே, உலர்வைத் தாங்கும் ஆற்றல் எம்மரபுக் கூறுகளில் உள்ளது என்று ஆராய்ந்தனர். ஒன்றை மற்றொன்றாகக் கருதியிருந்தால் அவ்வாராய்ச்சிக்கு இடமே இல்லை.

இந்நாளில் டி.என்.ஏ.வின் ஒரு சிறு பகுதியைப் படித்தும் இனங்களைப் பிரிக்கின்றனர். புழுவையும் பூச்சியையும் இணைப்பதற்கு அது பெருந்துணை. எனினும் அது காட்டுவது வேறுபாட்டை மட்டுமே. அப்பெயர் எவ்வுருவிற்கு உரியது என்று கூற மூல மாதிரியே வேண்டும். மலாவி நாட்டுப் பாறைக்குழிகளில் கிடைத்த ஒரு புழு இதனை விளக்கும். அதுவும் உலர்ந்து உயிர் பிழைப்பதே. வாண்டர்பிளாங்கியை மிக நெருங்கியதும் ஆகும். ஆராய்ச்சியாளர் அதன் உருவையும் டி.என்.ஏ.வையும் ஹிண்டனின் இனத்தோடு ஒப்பிட்டு, இரண்டும் வேறென்று தெளிந்தனர். 2017-ஆம் ஆண்டில் அது 'பாலிபெடிலம் பெம்பை' என்னும் தனிப்பெயர் பெற்றது.