தைரொயிட்டு ஏன் வீங்குகிறது?

உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகள் பலர் ஓமோன்களின் பெயர்களை மனனம் செய்துவிட்டு, காரணம் கேட்டால் தடுமாறுவர். கண்டமாலையைப் பாருங்கள். சுரப்பி பெருத்தால் ஓமோனும் கூடும் என எழுதிப் புள்ளியை இழப்போர் உண்டு. அயடின் குறைவால் வரும் கண்டமாலையில் நடப்பது வேறு.

தைரொட்சினை ஆக்க அயடின் தேவை. அது போதாவிடின் குருதியில் தைரொட்சின் குறையும். உடனே மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி, தைரொயிட்டைத் தூண்டும் ஓமோனைக் கூடுதலாகச் சுரக்கும். ஓயாத தூண்டலால் தைரொயிட்டுக் கலங்கள் பெருகும்; கழுத்து வீங்கும். தைரொட்சின் போதியளவு இருந்தால் தூண்டல் தணியும். இதுவே மறைப் பின்னூட்டல்.

தாய்மாரே, கர்ப்பகாலத்தில் அயடின் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சியும் பாதிக்கப்படும். கொட்டிலில் இருந்தாலும் அயடின் சேர்த்த உப்பை ஈரம்படாது மூடிவைத்து, கறியை இறக்கும்போது போடுங்கள்.