பினாங்கு: சாப்பாட்டு நேரத்தை வைத்து ஊர் சுற்றுங்கள்

பினாங்குக்கு நண்பர்களோடு கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் திட்டம் போடுகிறார்கள். பார்க்க வேண்டிய பத்து இடங்களை எழுதுகிறார்கள், அவற்றை மூன்று நாளுக்குப் பங்கு பிரிக்கிறார்கள், சாப்பாட்டை மட்டும் "போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். வேறு பல ஊர்களுக்கு இது சரிப்படும். இங்கே இந்த வரிசையைத் திருப்பிப் போடச் சொல்வேன். எந்த வேளைக்கு எங்கே என்ன சாப்பிடுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், இடங்களை அதற்கு நடுவே செருகிக்கொள்ளுங்கள். காரணம் எளிது. கார்ன்வாலிஸ் கோட்டை இன்று விட்டால் நாளை பார்க்கலாம். ஆனால் தெருவோரக் கடைக்காரர் ஒரு நாளைக்கு ஒரு அண்டாதான் காய்ச்சுவார். தீர்ந்ததும் கடையைக் கட்டிவிடுவார். வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் எடுப்பார், அது எந்தக் கிழமை என்பது கடைக்குக் கடை மாறும். காலையில் மட்டும் கிடைப்பவை உண்டு, பொழுது சாய்ந்தபின் மட்டும் அடுப்பு பற்றவைக்கிற கடைகளும் உண்டு. காத்திருக்காத ஒன்றும் காத்திருக்கும் ஒன்றும் இருந்தால், முதலாவதற்குத்தானே நேரம் குறிக்க வேண்டும்?

"சாப்பிடவா இவ்வளவு செலவழித்துப் போகிறோம்? யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிற ஊர் அல்லவா?" என்று உங்கள் குழுவில் ஒருவர் கேட்பார். நியாயமான கேள்விதான். மலாக்காவோடு சேர்த்து, பினாங்கின் பழைய நகரமான ஜார்ஜ்டவுன் 2008-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் அந்த மதிப்பு பழைய கட்டடங்களுக்கு மட்டும் கிடைத்ததல்ல, பல இனத்தார் ஒரே துறைமுகத்தில் கூடி வாழ்ந்து உருவாக்கிய மரபுக்கும் சேர்த்துத்தான். அந்தக் கலப்பைச் சுவரில் தேடுவதைவிடத் தட்டில் தேடுவது சுலபம். 1786-இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தத் தீவைக் கைப்பற்றி, சுங்கமில்லாத் துறைமுகமாகத் திறந்துவிட்டார். சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் முஸ்லிம் வணிகர்கள் வந்தார்கள், தென்சீனத்திலிருந்து ஹொக்கியன், தியோச்சூ, கான்டனியர் வந்தார்கள், அச்சே, சயாம், பர்மாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். துறைமுகக் கூலிகளுக்குக் காவடித் தண்டில் இரு பக்கமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுத் தமிழ் முஸ்லிம்கள் சுமந்து விற்றதுதான் இன்றைய நாசி கண்டார். மாநில அரசும் இதை வெறும் வியாபாரமாகப் பார்க்கவில்லை. பினாங்கின் அடையாளமான உணவுகளைத் தெருக்கடைகளில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் சமைக்கக் கூடாது என்று 2016-இல் விதியே கொண்டுவந்தது. அந்த விதி சரியா என்பது வேறு வழக்கு. ஓர் அரசு கரண்டி பிடிக்கும் கையைப் பற்றிச் சட்டம் போடுகிறது என்றால், அந்த ஊரில் சாப்பாட்டின் இடம் எது என்பது தெரிந்துவிடுகிறது.

நண்பர்கள் கூட்டம் இந்தத் திட்டத்துக்கு வசதி மட்டுமல்ல, கிட்டத்தட்டத் தேவை. இங்கே தெருக்கடைத் தட்டுகள் சிறியவை. தனியாகப் போனால் ஒரு வேளைக்கு இரண்டு வகைக்குமேல் உள்ளே போகாது. நால்வர் போனால் ஆறு வகை வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம். சீனர் நடத்தும் கோப்பித்தியாம் எனப்படும் காப்பிக்கடைகளில் ஒரு முறை இருக்கிறது. கடை ஒருவருடையது, உள்ளே அடுப்பு வைத்திருப்பவர்கள் வெவ்வேறு ஆட்கள். ஒருவர் மேசையைப் பிடித்து உட்கார, மற்றவர்கள் ஆளுக்கொரு அடுப்புக்குப் போய் மேசை எண்ணைச் சொல்லிவிட்டு வர வேண்டும். தட்டு வரும்போது அந்தந்தக் கடைக்குத் தனித்தனியாகக் காசு கொடுக்க வேண்டும். பானம் மட்டும் கடை உரிமையாளரிடம் வாங்குவது, அதை வாங்காமல் உட்கார்ந்திருப்பது மரியாதையல்ல. ஒரு தட்டு பெரும்பாலும் 10 ரிங்கிட்டை ஒட்டியே இருக்கும், அதனால் சில்லறை நோட்டுகள் கையில் இருக்கட்டும். ஆறு பேருக்கு மேல் போனால் இரண்டு மேசையாகப் பிரிந்துவிடுங்கள். பெரிய கும்பலுக்கு மேசை தேடுவதிலேயே பாதி மாலை போய்விடும்.

இனி ஒரு நாள் எப்படி அமையும் என்று பாருங்கள். பினாங்கில் வெயில் பத்து மணிக்கே சுடும், ஆகவே நடை எல்லாம் காலையில்தான். லிட்டில் இந்தியாவிலோ புலாவ் தீக்குஸ் சந்தைப் பக்கத்திலோ காலை உணவை முடித்துவிடுங்கள். ரொட்டி சானாய், தே தாரிக், ஆப்பம் எல்லாம் அங்கே கிடைக்கும். ஆப்பத்தை "அப்போம்" என்று கேளுங்கள், தேங்காய்ப்பாலோடு சுடச்சுட வரும். நாசி லெமாக்கும் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் சேர்ந்த மலேசியக் காலை உணவுப் பழக்கத்தை யுனெஸ்கோ 2024-இல் மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆகவே அந்த யுனெஸ்கோ நண்பருக்கும் குறையிருக்காது. லிட்டில் இந்தியாவிலிருந்து கால்நடையாகவே ஒரே சாலையில் நான்கு வழிபாட்டிடங்கள் அகப்படும். 1818-இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் ஆலயம், சீனரின் கருணை தேவி கோயில், குயின் தெருவில் வாசல் வைத்த 1833-ஆம் ஆண்டு மகா மாரியம்மன் கோயில், 1801-இல் தமிழ் முஸ்லிம் தலைவரான காதர் மொஹிதீன் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். அடுத்த திருப்பத்தில் சூலியா தெரு, அதில் நாகூர் ஆண்டவர் பெயரிலேயே ஒரு தர்கா. இந்த நடையை அவசரப்படுத்தாதீர்கள். காலையில் எந்தக் குழம்பு எந்த அடுப்பிலிருந்து வந்தது என்று பார்த்தவருக்கு, இந்தச் சாலையில் இத்தனை கோபுரங்கள் ஏன் நெருக்கியடித்து நிற்கின்றன என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

ஆர்மீனியன் தெருவில் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சகாரெவிச் 2012-இல் வரைந்த சைக்கிள் குழந்தைகள் சுவரோவியம் இருக்கிறது. படம் எடுக்க வரிசை நிற்கும், காலை எட்டுக்கு முன் போனால் தப்பிக்கலாம். சண்டையே பார்க்காத கார்ன்வாலிஸ் கோட்டைக்கு அரை மணி நேரம் போதும். செல்ஃபிக்காகவே கட்டிய "தலைகீழ் வீடு", முப்பரிமாண அருங்காட்சியகம் போன்றவற்றைத் தயங்காமல் தள்ளிவிடுங்கள், அந்தக் காசுக்கு இரண்டு நாள் செண்டோல் குடிக்கலாம். உச்சி வெயிலில் கூ கொங்சி குலமனையிலோ பெரனாக்கான் மாளிகையிலோ நிழலில் இருங்கள். பிறகு பினாங்கு சாலையை ஒட்டிய கெங் குவீ சந்தில் அந்தச் செண்டோல். தேங்காய்ப்பால், பனைவெல்லம், சிவப்பு பீன்ஸ், பச்சை நூல்போன்ற மாவு, சீவிய பனிக்கட்டி. பெரும்பாலும் நின்றுகொண்டேதான் குடிக்க வேண்டும்.

இரண்டாம் நாளுக்கு ஆயர் ஈத்தாம். சாப்பாட்டை வைத்துத் திட்டமிடுவது எவ்வளவு சௌகரியம் என்பதற்கு இந்த ஒரு நாளே சான்று. கெக் லோக் சி புத்தர் கோயில் அடிவாரத்திலேயே சந்தை, சந்தையை ஒட்டியே அசாம் லக்சா, சற்றுத் தள்ளிக் கொடிமலை ரயில் நிலையம். மூன்றும் 204-ஆம் எண் பேருந்துத் தடத்தில் வந்துவிடும். லக்சா என்பது கானாங்கெளுத்தி வகை மீனை வேகவைத்து உதிர்த்து, புளிப்புச் சாற்றில் போட்ட அரிசி நூடுல்ஸ். மேலே புதினா, அன்னாசி, வெங்காயம், காட்டு இஞ்சிப் பூ, ஒரு கரண்டி கறுப்பு இறால் விழுது. மீன்குழம்புக்குப் பழகிய தமிழ் நாக்குக்கு முதல் வாயிலேயே புளிப்பு பிடித்துப்போகும், அந்த விழுதின் வாசனை பழகத்தான் கொஞ்சம் நேரமாகும். முதலில் விழுதைக் கலக்காமல் ருசித்துவிட்டுப் பிறகு கலந்துகொள்ளுங்கள். கோயிலின் கட்டுமானம் 1890-களில் தொடங்கியது. 1930-இல் முடிந்த ஏழடுக்குக் கோபுரத்துக்கு அடி சீனம், நடு தாய்லாந்து, முடி பர்மியம். கோயிலுக்கு மாலைக்குள் போய்விட்டு, வெயில் தாழ்ந்ததும் மலைக்கு ஏறுங்கள். 800 மீட்டருக்கு மேல் உயரம், கீழே இருப்பதைவிட ஐந்து டிகிரி அளவுக்குக் குளிர்ச்சி. 1923-இல் ஓடத் தொடங்கிய இழுவை ரயில் 2011-இல் புதுப்பிக்கப்பட்டு, இப்போது இடையில் வண்டி மாறாமல் நேரே உச்சிக்குப் போகிறது. மேலே ஒரு முருகன் கோயிலும் உண்டு. வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் ரயிலுக்கு நீண்ட வரிசை நிற்கும், வாரநாளாகப் பார்த்துப் போங்கள்.

கடலைப் பற்றி இன்னும் பேசவில்லையே என்கிறீர்களா? தீவுக்குப் போய்க் கடலில் இறங்காமல் வருவதா என்ற ஆட்சேபம் வலுவானது, ஆனால் பினாங்கில் அது பலிக்காது. பத்து பிரிங்கி கடற்கரையில் தண்ணீர் கலங்கல். ஜெல்லிமீன் எச்சரிக்கைப் பலகையும் கண்ணில் படும். அங்கே விடுதி எடுத்தால் ஒவ்வொரு நல்ல சாப்பாட்டுக்கும் நெரிசலில் ஜார்ஜ்டவுன் வர வேண்டியிருக்கும். தெளிந்த நீர்தான் முக்கியம் என்றால் வேறு தீவைத் தேர்ந்தெடுங்கள், அதில் பிழையில்லை. பினாங்கில் பழைய நகரத்துக்குள் அறை எடுத்து, கடலுக்கு அரை நாள் ஒதுக்கினால் போதும். 101-ஆம் எண் பேருந்து பத்து பிரிங்கி வழியாகத் தெலுக் பஹாங் வரை போகும். கடைசி நிறுத்தத்தில் தேசியப் பூங்கா. காட்டு வழியாக நடந்தோ படகிலோ பந்தாய் கெராச்சுட் போனால், ஆமை பாதுகாப்பு மையமும் நன்னீரும் உப்புநீரும் அடுக்கடுக்காய்க் கலக்காமல் நிற்கும் ஏரியும் இருக்கின்றன. மழை நாளில் அந்தப் பாதை வழுக்கும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை கூடுதல்.

சுத்தம் பற்றிய அச்சம் அடுத்தது. தெருக்கடை என்றதும் நம்மில் சிலர் மருந்துப் பையைத் தொட்டுப் பார்ப்பார்கள். மலேசியாவில் உணவைக் கையாள்பவர்கள் டைஃபாய்டு தடுப்பூசியும் உணவுச் சுகாதாரப் பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கடைகளுக்குத் தரக் குறியீடும் உண்டு. அதைவிட நம்பகமானது உங்கள் கண். சார் குவேய் தியாவ் என்ற தட்டை நூடுல்ஸை இறால், முட்டை, முளைப்பயறோடு பெருந்தீயில் உங்கள் முன்னாலேயே வறுத்துத் தருகிறார்கள். வரிசை நகரும் கடையில் பண்டம் பழசாகாது. ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. சார் குவேய் தியாவில் போடும் சிப்பியை அரைவேக்காட்டில் விடுவது வழக்கம், வயிறு இளகியவர்கள் சிப்பி வேண்டாமென்று முன்பே சொல்லிவிடுங்கள்.

எனக்குச் சிக்கலாகப் படுவது சுத்தமல்ல, விலக்குகள்தான். நண்பர்களில் ஒருவர் சைவம், ஒருவர் ஹலால், ஒருவர் மாட்டிறைச்சி தொடாதவர் என்றால் இந்தத் திட்டமே உடைந்துபோகும் என்று தோன்றும். சீனக் கடைகளில் பன்றிக்கொழுப்பு கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். ஹொக்கியன் மீ சாறே இறாலும் பன்றி எலும்பும் சேர்ந்தது. காய்கறி மட்டும் என்று கேட்டாலும் பெலாச்சான் என்ற இறால் விழுது உள்ளே வந்துவிடும். நாசி கண்டார் கடையில் "டாகிங்" என்றால் மாடு, "காம்பிங்" ஆடு, "ஆயாம்" கோழி, "ஈக்கான்" மீன். இந்த நான்கையும் மனப்பாடம் செய்துகொண்டால் பாதித் தொல்லை தீரும், மீதிக்குத் தமிழே உதவும். சைவர்களுக்கு லிட்டில் இந்தியாவும் சீன பௌத்த சைவ உணவகங்களும் இருக்கின்றன, கெக் லோக் சி கோயிலிலும் ஒன்று உண்டு. எல்லோரும் எல்லா வேளையும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்ற பிடிவாதத்தை விடுங்கள். காலையும் இரவும் சேர்ந்து, நண்பகல் பிரிந்து என்று வைத்துக்கொண்டால் மனத்தாங்கல் வராது. கர்னி டிரைவ் மாலைக் கடைத்தொகுதியில் ஹலால் பகுதி தனியே இருப்பதால், கூட்டம் அதிகமென்றாலும் கலப்புக் குழுவுக்கு ஒரு மாலை அங்கே ஏற்றது. பசெம்பூர் என்ற சாலட்டையும் அங்கே ருசித்துவிடலாம்.

"அங்கேயும் போய்க் குழம்புச் சோறா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாசி கண்டார் கடைக்காரர்களின் முன்னோர் பலர் கடையநல்லூர், இராமநாதபுரம் பக்கத்தவர்கள்தான். ஆனால் ஐந்தாறு குழம்புகளை ஒரே தட்டில் வழியவிட்டுக் கலக்கும் இந்தச் சோற்றை அந்த ஊர்களில் தேடினால் கிடைக்காது. "பஞ்சிர்" என்றால் குழம்பை வெள்ளமாக ஊற்றுவார்கள், அப்படித்தான் கேட்க வேண்டும். கேம்பெல் தெருவில் 1907 முதல் நடக்கும் ஹமீதியா பெயர்பெற்றது. விலையைத் தட்டைப் பார்த்துக் கண்மதிப்பில் சொல்வார்கள். பெரிய இறால், மீன் சினை, கணவாய் ஆகியவற்றைச் சுட்டிக்காட்டுமுன் விலையைக் கேட்டுவிடுங்கள்.

கைவசம் இன்னொரு நாள் இருந்தால் மலைக்குப் பின்புறமுள்ள பாலிக் பூலாவ் போங்கள். ஆங்கிலேயர் கொண்டுவந்த சாதிக்காய் மரங்கள் இன்றும் அங்கே உண்டு, அந்தக் கனிச்சாறு வெயிலுக்கு இதம். ஜூன், ஜூலை என்றால் டுரியான் காலம். தோட்டத்திலேயே பிளந்து தருவார்கள், நான்கைந்து பேர் சேர்ந்தால் இரண்டு மூன்று ரகத்தை ஒப்பிட்டு ருசிக்கலாம். பயண ஏற்பாடு பற்றி ஒரு குறிப்பு: இந்தியக் கடவுச்சீட்டுக்குக் குறுகிய காலத் தங்கலுக்கு விசா விலக்கு 2023 டிசம்பரிலிருந்து இருக்கிறது. நீட்டிப்பு விவரத்தைக் கிளம்புமுன் சரிபாருங்கள், வருகைப் பதிவையும் போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பிவிடுங்கள். கடைசியாக டுரியான் பற்றி ஒன்று: அதைப் பெரும்பாலான விடுதிகள் உள்ளே விடாது, விமானத்திலும் ஏற்றமாட்டார்கள். வாங்கிய இடத்திலேயே தின்று முடித்துக் கை கழுவிவிட்டு வண்டி ஏறுங்கள்.