வணிக நுண்ணறிவும் திறமூல மென்பொருளும்

வணிகத்தின் உயிர்நாடி கணக்கு என்பர். ஆயின் கணக்கை எழுதி வைப்பது ஒரு பணி. அதனைப் படித்து முடிவு காண்பது மற்றொரு பணி. இவ்விரண்டாம் பணிக்குக் கணிப்பொறியைத் துணைக்கொள்வதே 'வணிக நுண்ணறிவு' எனப்படுகிறது. ஐ.பி.எம். நிறுவன ஆய்வாளர் ஹான்ஸ் பீட்டர் லூன் 1958-ஆம் ஆண்டிலேயே இப்பெயரைத் தலைப்பிற் கொண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். வணிகவியல் மாணவன் என்ற முறையில், இத்துறையில் திறமூல மென்பொருளை ஏற்பதால் விளையும் நன்மையையும் அதற்குத் தர வேண்டிய விலையையும் இங்கு ஆராய விழைகிறேன்.

திறமூலம் என்பது யாது?

மூல நிரலை எவரும் பார்க்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமை தரும் மென்பொருளே திறமூல மென்பொருள். இதற்குச் சிறந்த சான்று 'சூப்பர்செட்'. 2015-இல் அமெரிக்காவின் ஏர்பிஎன்பி நிறுவனத்தில் மாக்சிம் போஷமின் என்பார் இதனைத் தொடங்கினார். 2017-இல் அப்பாச்சி அறக்கட்டளையின் பயிற்சிக் களத்திற் சேர்ந்த இது, 2021-இல் அதன் முழுநிலைத் திட்டமாக அறிவிக்கப்பட்டது. இது தரவுத்தளத்திடம் எஸ்.க்யூ.எல். மொழியில் வினாத் தொடுத்து, பெற்ற விடையை வரைபடமாகத் தீட்டிக் காட்டுகிறது.

நன்மையும் செலவும்

உரிமக் கட்டணம் இல்லாமை முதல் நன்மை. அதனினும் பெரிது, நிறுவனம் கைமாறினும் பயனாளரின் உரிமை அழியாமை. 2004-இல் தோன்றிய 'பென்டாஹோ' நிறுவனத்தை 2015-இல் ஹிட்டாச்சி டேட்டா சிஸ்டம்ஸ் வாங்கிற்று. இவ்வாறு உரிமையாளர் மாறும்போது, இனி வரும் பதிப்புகளின் விதிகள் மாறலாம். முன்னரே திறமூல உரிமத்தில் வெளியான நிரலைப் பயன்படுத்த எவரும் தடை செய்ய இயலாது.

எனினும், யானையைத் தானமாகப் பெற்றாலும் தீனியை நாமே போட வேண்டும். வழங்கிக் கணிப்பொறி, பாதுகாப்பு, காப்புப்படி, பயிற்சி பெற்ற பணியாளர் ஆகிய செலவுகள் நம்மைச் சார்ந்தவையே.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு வணிகர்க்கு இரு கடைகள் உள்ளன எனக் கொள்வோம். முதற்கடைக்கு வந்தோர் 10 பேர். தலைக்குச் சராசரி விற்பனை 80 ரூபாய். இரண்டாம் கடைக்கு வந்தோர் 40 பேர். சராசரி 50 ரூபாய். இரு சராசரிகளை மட்டும் கொடுத்தால் மென்பொருள் 65 என்று அழகிய வரைபடம் தீட்டும். உண்மையிலோ மொத்த விற்பனை 2,800 ரூபாய். வந்தோர் 50 பேர். ஆகவே சராசரி 56 ரூபாயே. 65-ஐ நம்பிச் சரக்கு வாங்கியவர் கடனாளியாவார்.

சூப்பர்செட்டில் வரைபடத்திற்கு அடிப்படையான வினாவையே திறந்து பார்த்து இப்பிழையைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் பார்ப்பவர்க்குப் புள்ளியியல் தெரிந்திருக்க வேண்டும்.

முடிவுரை

எனவே மென்பொருளை ஏற்குமுன், அதனைப் பேணவும் வினாவைச் சரிபார்க்கவும் வல்ல ஒருவரையேனும் நிறுவனம் பயிற்றுவித்தல் வேண்டும். அத்தகையோராக உருவாகும் வாய்ப்பு நமக்கு உண்டு. மாணவ நண்பர்களே, உரிமக் கட்டணமின்றிக் கிடைக்கும் இக்கருவியை இன்றே பயிலத் தொடங்குவோம். கூடவே புள்ளியியல் பாடத்தையும் ஊன்றிப் படிப்போம்.