28 நாளில் பழையதாகும் வான்வழி

விமானத்தில் ஜி.பி.எஸ். கருவி ஒன்றைப் பொருத்திவிட்டால் வழி தவறுவதற்கே இடமில்லை என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். வானில் செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன; ஓயாமல் சைகைகளை அனுப்புகின்றன; கருவி அவற்றைப் பெற்றுக் கணக்கிட்டு வழி காட்டுகிறது. இதில் பழையதாகிப் போவதற்கு என்ன இருக்கிறது?

கருவி உண்மையில் என்ன செய்கிறது என்று பாருங்கள். குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சைகைகளைக் கொண்டு, தான் இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் ஆகியவற்றை அது கணக்கிடுகிறது. செயற்கைக்கோள்களின் உதவி அத்தோடு முடிந்தது. கீழே இருப்பது ஓடுபாதையா, ஏரியா, மலையா என்பது அவற்றுக்குத் தெரியாது. அதைச் சொல்வது கருவியின் நினைவகத்தில் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்ட ஒரு பட்டியல். விமான நிலையங்கள், ஓடுபாதைகளின் இரு முனைகள், வழிகாட்டும் வானொலி நிலையங்கள், அவற்றின் அதிர்வெண்கள், வான்வழிகளின் திருப்பங்கள், தரையிறங்க வரும்போது எந்தப் புள்ளியை எந்த உயரத்தில் கடக்க வேண்டும் என்ற விவரம் எல்லாம் அதில் உண்டு. இதுதான் தரவுத்தளம்.

நம் தெருக்களில் பல வீடுகளுக்குப் பழைய எண், புதிய எண் என இரண்டு எண்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பழைய பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு தபால்காரர் தெருவில் நுழைந்தால் என்ன ஆகும்? தெருவும் அங்கேதான் இருக்கிறது, வீடும் அங்கேதான் இருக்கிறது. கடிதம் மட்டும் வேறு வீட்டுக்குப் போகும். விமானியின் கருவிக்கும் இதே நிலை வரலாம்.

வானில் அப்படி என்ன மாறிவிடுகிறது என்று கேட்பீர்கள். புதிய கோபுரங்கள் எழுகின்றன. வானொலி நிலையங்கள் மூடப்படுகின்றன. ஒலித்தொல்லை பற்றி ஊரார் முறையிட்டதால் வழிகள் திருப்பப்படுகின்றன. இவை மனிதர் செய்யும் மாற்றங்கள். பூமி தானே செய்யும் மாற்றம் ஒன்றும் உண்டு.

ஓடுபாதையின் பெயர் ஒரு திசை எண். காந்த வடக்கிலிருந்து அந்தப் பாதை எத்தனை பாகை திரும்பியிருக்கிறது என்று அளந்து, பத்தின் மடங்காக முழுமைப்படுத்தி, கடைசிச் சுழியை நீக்கிவிடுவார்கள். 180 பாகை என்றால் 18. எதிர்த்திசையில் இருந்து வருபவருக்கு அதே பாதை 36. ஆனால் பூமியின் காந்தப்புலம் ஓரிடத்தில் நிற்பதில்லை. மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஓடுபாதையின் காந்தத் திசை 185 பாகையைத் தாண்டிவிட்டால் 18 என்ற பெயர் பொருந்தாது. 19 என்றுதான் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள டாம்பா விமான நிலையத்தில் இதுவே நடந்தது. 2011 ஜனவரியில் அதன் முக்கிய ஓடுபாதையை ஜனவரி 13 வரை மூடி வைத்து, 18-36 என்ற எண்களை 19-1 என மாற்றி எழுதினார்கள். ஒரு பிடி கான்கிரீட்டும் இடம் பெயரவில்லை. ஆனால் தரையில் தீட்டிய எண்ணும், பெயர்ப்பலகைகளும், அச்சிட்ட வரைபடங்களும், எத்தனையோ விமானங்களின் கருவிகளுக்குள் இருந்த பட்டியலும் மாற வேண்டியிருந்தது.

இந்த மாற்றங்களை அவரவர் விருப்பப்படி அவரவர் நாளில் செய்தால் குழப்பமே மிஞ்சும். கட்டுப்பாட்டு அதிகாரியின் மேசையில் புதிய எண், விமானியின் கருவியில் பழைய எண் என்றாகிவிடும். ஆகவே பன்னாட்டு வான் போக்குவரத்து அமைப்பு ஒரு முறையை வகுத்திருக்கிறது. முக்கிய மாற்றங்கள் எல்லாம் 28 நாளுக்கு ஒருமுறை, ஒரு வியாழக்கிழமையில், உலகெங்கும் நடைமுறைக்கு வரும். அந்த நாளுக்குக் குறைந்தது 28 நாள் முன்பே செய்தி உரியவர்களின் கைக்குச் சேர்ந்துவிட வேண்டும். டாம்பாவில் ஓடுபாதை மூடியிருக்கும் என்று சொல்லப்பட்ட கடைசி நாளான ஜனவரி 13 அப்படிப்பட்ட ஒரு வியாழன்தான்.

இங்கே ஒரு சிறு கணக்கு. 28-ஐ 13-ஆல் பெருக்கினால் 364. ஆண்டுக்கு 365 நாள். எனவே சாதாரணமாக ஓர் ஆண்டில் 13 சுழற்சிகள் அடங்கும். மிஞ்சும் ஒருநாள் சிறுகச் சிறுகச் சேர்ந்து, எப்போதாவது ஓர் ஆண்டில் 14 சுழற்சிகள் விழும். 2020 அப்படிப்பட்ட ஆண்டு. ஜனவரி 2-இல் முதல் சுழற்சி, டிசம்பர் 31-இல் பதினான்காவது. அடுத்து இப்படி வரும் ஆண்டு எது? தாளும் பென்சிலும் எடுத்துக் கணக்கிடுங்கள். லீப் ஆண்டுகளை மறந்துவிடாதீர்கள். 2043 என்று வந்தால் சரி. 2020 ஜனவரி 2-க்குப் பின் சரியாக 300 சுழற்சிகள் கழித்து 2043 ஜனவரி 1 வருகிறது.

இத்தகைய பட்டியல் தேவை என்பது செயற்கைக்கோள் வருவதற்கு வெகுகாலம் முன்பே தெரிந்த ஒன்று. அமெரிக்காவில் 1930 வாக்கில் தபால் விமானம் ஓட்டிய எல்ரி ஜெப்பசன் என்பவர் 10 சென்ட் விலையுள்ள குறிப்பேடு ஒன்றை வாங்கினார். தான் இறங்கிய திடல்களின் நீளம், சுற்றிலும் உள்ள மரம், மலை, புகைபோக்கி ஆகியவற்றின் உயரம், வானிலையை விசாரிக்கத்தக்க பண்ணைக்காரர்களின் தொலைபேசி எண் எல்லாம் அதில் எழுதினார். உயரமானியைக் கையில் எடுத்துக்கொண்டு நீர்த்தொட்டிக் கோபுரங்களில் ஏறி அளந்தார். உடன் பறந்தவர்கள் படி கேட்கவே, 1934-இல் ஒரு படி 10 டாலர் என்று விற்கத் தொடங்கினார். பின்னாளில் இது தனித்தாள்களாக விமானிகளின் வீட்டுக்குத் தபாலில் வந்தது. பழைய தாளைக் கழற்றி எறிந்து புதிய தாளைக் கோத்துக்கொள்ள வேண்டும். இந்த வேலையைச் சலிப்போடு செய்யாத விமானி அக்காலத்தில் அபூர்வம்.

இன்று தாளின் இடத்துக்கு எண்கள் வந்துவிட்டன. ஒவ்வொரு நாடும் தன் வான்வெளி விவரங்களைத் தானே வெளியிடுகிறது. இந்தியாவில் இந்திய விமான நிலைய ஆணையம் வெளியிடுகிறது. தரவு நிறுவனங்கள் அவற்றைத் திரட்டி, ஆரிங்க் 424 என்ற பொது வடிவத்தில் எழுதுகின்றன. 1975-இல் முதலில் வெளிவந்த வடிவம் இது. ஒரு பதிவுக்கு 132 எழுத்துகள். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அதில் அட்சரேகைக்கு ஒரு திசை எழுத்தும் 8 இலக்கங்களும். கடைசி இலக்கம் ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கைக் குறிக்கும். (இது கடிகார வினாடி அல்ல, பாகையில் 60-இல் ஒரு பங்கு நிமிடம், நிமிடத்தில் 60-இல் ஒரு பங்கு வினாடி.) அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். அப்படியானால் கடைசி இலக்கத்தில் ஒன்று பிசகினால் இடம் சுமார் 31 சென்டிமீட்டர் தள்ளிப்போகும், பாதகமில்லை. நிமிடத்தின் பத்தாமிடத்தில் ஒன்று பிசகினால்? 18½ கிலோமீட்டர். மலைநாட்டில் அந்தத் தொலைவுக்குள் ஒரு சிகரமே இருக்கலாம்.

இத்தகைய பிசகை எப்படிக் கண்டுபிடிப்பது? 4217 என்ற எண்ணை அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். இலக்கங்களின் கூட்டுத்தொகை 14-ஐயும் சேர்த்து அனுப்பினால், பெறுபவர் கூட்டிப் பார்த்துச் சரிபார்க்கலாம். ஆனால் வழியில் அது 4127 என்று இடம் மாறிவிட்டால்? கூட்டுத்தொகை அப்போதும் 14, ஏமாந்து போவோம். அதனால் முதல் இலக்கத்தை 1-ஆல், அடுத்ததை 2-ஆல், 3-ஆல், 4-ஆல் பெருக்கிக் கூட்டுவோம். 4217-க்கு 39 வரும், 4127-க்கு 40. பிசகு பிடிபட்டது. கருவிகள் இதைவிட வலிமையான முறையைக் கையாள்கின்றன. முழுத் தொகுப்பையும் ஒரே நீண்ட எண்ணாகக் கருதி, அதைக் குறிப்பிட்ட ஒன்றால் ஒருவகையில் வகுத்து, மீதியை உடன் சேர்த்து அனுப்புகிறார்கள். கருவி தானும் வகுத்துப் பார்த்து, மீதி ஒத்துவராவிட்டால் தரவை ஏற்க மறுத்துவிடும். ஆனால் இந்தச் சோதனை வழியில் நேர்ந்த பிழையைத்தான் பிடிக்கும். முதலிலேயே தவறாக எழுதியிருந்தால் தவறை அப்படியே பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும்!

சரி, தரவு தயார். அது விமானத்துக்குள் போக வேண்டுமே. சிறு விமானங்களில் பெருவாரியாகப் பொருத்தப்பட்ட கார்மின் ஜி.என்.எஸ். 430 என்ற கருவியை எடுத்துக்கொள்வோம். 1998-இல் வெளிவந்தது, இன்றும் பறந்துகொண்டிருக்கிறது. அதன் முகப்பில் தரவு அட்டை ஒன்று செருகியிருக்கும். உங்கள் கேமராவில் இருக்கும் அட்டை போன்றதல்ல. அதற்கென்றே செய்த தனிவகை. விமானக் கொட்டகைக்குப் போய் அட்டையைக் கழற்ற வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து, அதற்கென்றே விற்கும் படிப்பானில் செருகிக் கணினியில் இணைக்க வேண்டும். சந்தா கட்டிய தரவை இறக்கி அட்டையில் எழுத வேண்டும். மறுபடி கொட்டகைக்கு நடை. செருகி, மின்சாரம் கொடுத்தால், தரவு எந்த நாள்வரை செல்லும் என்று திரை காட்டும். விமானி ஒரு பொத்தானை அழுத்தி அதை ஒப்புக்கொண்ட பிறகே கருவி மேலே செல்லும். விமானத்தில் இரண்டு கருவிகள் இருந்தால் இரண்டு அட்டைகள். ஆண்டுக்கு 13 முறை இதே வேலை.

செலவையும் பாருங்கள். அமெரிக்காவில் அரசின் வான் போக்குவரத்துத் துறை தன் நாட்டுத் தரவை ஆரிங்க் வடிவில் இலவசமாகவே வெளியிடுகிறது. ஆனால் கருவி அதை நேராகப் படிக்காது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு தனிக் கட்டு. அந்தக் கட்டுக்குத்தான் ஆண்டுக்குப் பல நூறு டாலர். பாதுகாப்புக்கான பொருளை இப்படிப் பூட்டி வைப்பது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. சோதித்துச் சான்றளிக்கும் செலவு யாருக்கோ உண்டு என்பதையும் மறுப்பதற்கில்லை.

பெரிய விமானங்களும் இதற்கு விலக்கல்ல. போயிங் 747-400 விமானங்களில் சில, 2020-இல் ஓய்வு பெறும் வரையிலும் பிளாப்பி தட்டுகளில்தான் இத்தரவைப் பெற்றன. ஆனால் அங்கே ஒரு வசதி: கணினியில் நடப்புப் பட்டியல், அடுத்த பட்டியல் என்று இரண்டு இருக்கும். வியாழன் வந்ததும் விமானி ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறிக்கொள்வார். 2016 முதல் சில சிறு கருவிகளும் கைக்கணினியிலிருந்து கம்பியில்லாமல் தரவைப் பெறுகின்றன.

இத்தனை தொல்லையைப் பார்த்து, ‘இந்த மாதம் விட்டுவிட்டால் என்ன?’ என்று சிறு விமானத்தின் உரிமையாளருக்குத் தோன்றுவது இயல்பு. பெரும்பாலும் ஒன்றும் நேராது. அவர் வழக்கமாகப் போகும் நிலையத்தில் எதுவுமே மாறியிருக்காது. அதனால் இரண்டாவது மாதமும் விடுவார். ஆனால் மேகத்துக்குள் கருவியை மட்டும் நம்பி இறங்க வேண்டுமானால் தரவு நடப்பில் உள்ளதாக இருக்க வேண்டும், அல்லது ஒவ்வொரு புள்ளியையும் புதிய வரைபடத்தோடு ஒப்பிட்டிருக்க வேண்டும் என்று இத்தகைய கருவிகளின் கையேடுகள் நிபந்தனை விதிக்கின்றன.

வரைபடமும் பட்டியலும் ஒத்துப்போகாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு 1995 டிசம்பர் 20 இரவு ஒரு சான்று. மயாமியிலிருந்து கொலம்பியாவின் காலி நகருக்கு 163 பேருடன் ஒரு போயிங் 757 வந்துகொண்டிருந்தது. அங்கே தரவு பழையதல்ல. சிக்கல் ஒரே ஓர் எழுத்தில். காலிக்கு அருகே ரோசோ என்ற வானொலி நிலையம். வரைபடத்தில் அதன் குறி ‘ஆர்’. விமானிகள் கணினியில் ‘ஆர்’ என்று அழுத்தி, வந்த பட்டியலில் முதலாவதைத் தேர்ந்தார்கள். அதுவோ பொகோட்டா நகருக்கு அருகே உள்ள ரோமியோ என்ற வேறொரு நிலையம்! ரோசோவை வேண்டுமென்றால் கணினியில் முழுப்பெயரையும் அழுத்தியிருக்க வேண்டும். இரு பக்கமும் மலைகள் நிற்கும் பள்ளத்தாக்கில், இருளில், விமானம் இடப்புறம் கிழக்கே திரும்பியது. தவறு தெரிந்து வலப்புறம் திருப்பியும் மலையில் மோதி 159 பேர் மாண்டனர், நால்வர் பிழைத்தனர். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க நீதிமன்ற நடுவர் குழு ஒன்று பொறுப்பைப் பங்கிட்டபோது விமான நிறுவனத்துக்கு 75 சதவீதம், தரவு தந்த நிறுவனத்துக்கு 17 சதவீதம், கணினியைச் செய்த நிறுவனத்துக்கு 8 சதவீதம் என்று தீர்மானித்தது.

எதிரே மலை வருகிறது என்று முன்கூட்டியே எச்சரிக்கும் கருவியைப் பொருத்த வேண்டும் என்று அதே 2000-இல் அமெரிக்க அரசு விதி செய்தது. அந்தக் கருவிக்கு மலையைக் காணும் கண் கிடையாது. தான் இருக்கும் இடத்தை, நினைவகத்தில் உள்ள நிலத்தின் உயரப் பட்டியலோடு ஒப்பிட்டே அது குரல் கொடுக்கிறது. மலைகள் அவ்வளவாக நகர்வதில்லை. ஆகவே நிலத்தின் பட்டியலை அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை. கோபுரங்களும் கம்பங்களும் அப்படியல்ல. அவற்றின் பட்டியல் 56 நாளுக்கு ஒருமுறை புதிதாக வருகிறது. ஜி.என்.எஸ். 430-இன் பிற்கால வகையில் அதற்கென்று முகப்பில் இன்னொரு துவாரம் உண்டு. அதில் இன்னோர் அட்டை.