வாயில்லா ஜீவனின் நோயும் பற்றற்ற அன்பும்

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வீட்டில் உடன் வாழ்ந்த நாய் தீராத நோயில் விழும்போது, ஆன்மிக சாதகனின் உள்ளத்தில் இரண்டு வினாக்கள் எழுகின்றன. ‘ஒரு விலங்கின் பொருட்டு இவ்வளவு கலங்குவது மோகமல்லவா?’ என்பது ஒன்று. ‘அதன் துன்பத்தைக் கண்டும் கலங்காதிருந்தால் அது கல்நெஞ்சமல்லவா?’ என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் சாஸ்திரத்தின் துணைகொண்டு ஆராய்வோம்.

பரதரும் தருமபுத்திரரும்

அரசைத் துறந்து கண்டகி நதிக்கரையில் தவமிருந்த பரதரின் வரலாறு பாகவதத்தின் ஐந்தாம் ஸ்கந்தத்தில் வருகிறது. வெள்ளத்தில் விழுந்த மான்குட்டியை அவர் காப்பாற்றினார். பின்னர் அதன் நினைவிலேயே மூழ்கி நித்திய அனுஷ்டானங்களைக் கைவிட்டார். மரண வேளையிலும் அதையே எண்ணி மறுபிறவியில் மானாகப் பிறந்தார். ‘ஆகவே விலங்கினிடம் அன்பு கூடாது’ என்று சிலர் முடிவு கட்டுகின்றனர். அது பிழையான முடிவு. மான்குட்டியை நீரிலிருந்து எடுத்தது கருணை, அதில் குற்றமில்லை. ‘இது என்னுடையது, நானின்றி இதற்கு யார்?’ என்ற மமதையே அவரைப் பிணித்தது.

மகாபாரதத்தின் மகாபிரஸ்தானிக பர்வம் இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. திரௌபதியும் தம்பியரும் வழியில் ஒவ்வொருவராக வீழ்ந்தபோது யுதிஷ்டிரர் நில்லாமல் நடந்தார். ஆனால், அஸ்தினாபுரத்திலிருந்து பின்தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுத் தேரில் ஏறுமாறு இந்திரன் கூறியபோது, சொர்க்கத்தையே மறுத்தார். தம்பியரை விட்டு வந்தவர் நாயை விட மறுப்பதேன் என்று இந்திரன் வினவுகிறான். மாண்டவரை மீட்பது தம் கையில் இல்லை, அவர்கள் உயிரோடிருந்தவரை தாம் கைவிட்டதில்லை என்பதே அவரது விடையின் சாரம்.

நம் வினாவுக்கு இதில் தெளிவான வழிகாட்டல் கிடைக்கிறது. உயிர் உள்ளவரை கைவிடாதிருப்பது தர்மம். உயிர் பிரிந்தபின் பற்றிக்கொள்ளாதிருப்பது ஞானம்.

சேவை என்னும் சாதனை

முதிய நாய்களுக்குப் பெரிதும் வரும் நாட்பட்ட சிறுநீரக நோயை எடுத்துக்கொள்வோம். சிறுநீரகத் திறனில் மூன்றில் இரண்டு பங்கு குறைந்த பின்னரே பெரும்பாலும் வெளி அறிகுறிகள் தெரியவரும். அடிக்கடி நீர் குடிக்கும், அதிகமாகச் சிறுநீர் கழிக்கும், மெலியும், உணவை முகர்ந்துவிட்டு விலகும். இழந்த திறன் மீள்வதில்லை. எனினும் பாஸ்பரஸ் குறைந்த உணவு, எப்போதும் தூய குடிநீர், மருத்துவர் கற்பித்தவாறு தோலுக்கடியில் திரவம் ஏற்றுதல், காலமுறை இரத்தப் பரிசோதனை ஆகியவற்றால் எஞ்சிய நாட்களைத் துன்பம் குறைந்தவையாக்கலாம். மனிதருக்கான வலிமாத்திரைகளை இரக்கத்தால் நாமே கொடுத்துவிடலாகாது. இபுப்ரோபென் போன்றவை நாயின் சிறுநீரகத்தையே கெடுக்கும். கருணைக்கு விவேகம் துணை நிற்க வேண்டும்.

நள்ளிரவில் எழுந்து தரையைத் துடைப்பதும், உண்ண மறுக்கும் வாயருகே பொறுமையுடன் அமர்ந்திருப்பதும் கர்மயோகமே. குணமடையும் என்ற உறுதி இல்லை, பாராட்டுவோர் இல்லை, அந்த ஜீவன் நன்றி கூறவும் அறியாது. பலனில் உரிமை கொண்டாடாமல் செயலாற்றுவதற்கு இதைவிடச் சிறந்த பயிற்சிக்களம் வேறு ஏது? சமதரிசனத்தைக் கூறும் கீதையின் ஐந்தாம் அத்தியாயம், கல்வியும் பணிவும் நிறைந்த அந்தணர், பசு, யானை ஆகியோருடன் நாயையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது நினைவுகூரத் தக்கது.

மிகக் கடினமான வினா

சேவையாலும் தணியாத வேதனை வந்தால், ஊசி மருந்தால் அதன் உயிரை முடிக்கலாமா? 1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் கன்றுக்குட்டி ஒன்று பிழைக்க வழியின்றித் துடித்தபோது, காந்தியடிகள் மருத்துவரைக் கொண்டு அதன் உயிரை முடிக்கச் செய்தார். அகிம்சையைப் போதித்தவரே இவ்வாறு செய்யலாமா என்று கண்டனங்கள் குவிந்தன. அவரோ தம் செயலை மறைக்காமல், நோய் தீராததாகவும், எவ்வகை உதவிக்கும் அப்பாற்பட்டதாகவும் இருத்தல் வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளை விளக்கி எழுதினார்.

இதில் அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. சாதகன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: ‘நான் முடிக்க விரும்புவது அதன் வேதனையையா, அதைக் காணப் பொறாத என் வேதனையையா?’ மறுபுறமும் கேட்க வேண்டும்: ‘நான் நீட்டிக்க விரும்புவது அதன் வாழ்வையா, பிரிய மனமில்லாத என் பற்றையா?’ மருத்துவரின் கருத்தை அறிந்து, நேர்மையாக விசாரித்து எடுக்கும் முடிவை இறைவனிடம் ஒப்படைப்போமாக.

கண்ணீர் வருவது பலவீனமன்று. அக்கண்ணீர் அந்த ஓர் உயிரோடு நின்றுவிட்டால் மமதை. தெருவில் பசித்துக் கிடக்கும் அடுத்த உயிரை நோக்கி நம் கையை நீளச் செய்தால், அதுவே பிரேமை.

மனனத்திற்கு

1. பரதரின் கருணை எந்த இடத்தில் மமதையாயிற்று?
2. யுதிஷ்டிரர் தம்பியருக்காக நில்லாமல், நாய்க்காக நின்றது ஏன்?
3. என் பராமரிப்பில் உள்ள ஜீவனுக்கு இன்று நான் செய்யத் தவறிய சேவை யாது?