நீண்ட சொற்களில் இருவகைப் பிரிப்பு

நீண்ட சொல்லை ஒலியசையாகவும் பிரிக்கலாம், சொல்லுறுப்பாகவும் பிரிக்கலாம். யாப்பிலக்கணம் கூறும் அசை வேறு. ஈண்டுக் கருதியது ஒரே மூச்சில் ஒலிக்கும் பகுதியாகும்.

மைசூரிலுள்ள அக்ரஹாரம் என்னும் பகுதியின் பெயரை நோக்குக. அக்-ர-ஹா-ரம் என அசை நான்கு; அக்ர, ஹாரம் என உறுப்பு இரண்டு. தமிழில் அக்கிரகாரம் என வழங்குங்கால் இடையே இகரம் புகுதலால் அசை ஐந்தாகும், உறுப்பு இரண்டே. இங்கு உறுப்பின் எல்லை அசையின் எல்லையோடு பொருந்துகிறது.

எல்லாச் சொற்களிலும் இவ்வாறு பொருந்தாது. ‘கடலலை’ என்பதன் அசைகள் க-ட-ல-லை. உறுப்புகளோ கடல், அலை. நிலைமொழியீற்று லகரமெய் வருமொழி முதலுயிரோடு கூடியதால், அசைபிரித்து மட்டும் படிக்கும் மாணவனுக்கு ‘அலை’ புலப்படுவதில்லை.

ஆகவே ஆசிரியர் முதலில் அசைபிரித்து ஒலிக்கச் செய்து, பின்னர் உறுப்புப் பிரித்துப் பொருளுணர்த்துக. சொற்களைத் திரட்டும் களப்பணியாளரும் இரு பிரிப்புகளையும் தனித்தனியே குறித்தல் வேண்டும்.