சிறையைச் சொன்னார்கள், கிணற்றைச் சொல்லவில்லை

சூரா யூசுபை ஓதாத வீடு நம்மில் குறைவு. 111 வசனங்களில் ஒருவருடைய வாழ்க்கை. உடன்பிறந்தார் கிணற்றில் போட்டனர். அற்ப விலைக்கு விற்கப்பட்டார்கள். செய்யாத குற்றத்துக்குச் சிறை சென்றார்கள். இறுதியில் பெற்றோரை அரியணையில் அமர்த்தி, யூசுப் (அலை) அவர்கள் தம் கதையைத் தாமே சொல்கிறார்கள் (12:100). சிறையிலிருந்து இறைவன் வெளியேற்றியதைச் சொல்கிறார்கள். குடும்பத்தைக் கொண்டுவந்து சேர்த்ததைச் சொல்கிறார்கள். கிணற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை. எதிரே நிற்கும் சகோதரர்கள் நாணக்கூடாதென்றே அதை விட்டார்கள் என்பர் விரிவுரையாளர்கள். நடந்த பிளவை மறைக்கவுமில்லை; அது ஷைத்தான் மூட்டிவிட்டது என்றார்கள்.

மனநோய் மருத்துவத்தில் இதற்கு நெருங்கிய ஒரு முறை உண்டு. ஆஸ்திரேலியாவின் மைக்கேல் வைட், நியூஸிலாந்தின் டேவிட் எப்ஸ்டன் என்ற இருவர் 1980களில் வகுத்தது. மனிதர் வேறு, அவரைப் பிடித்த தொல்லை வேறு என்று பிரித்துவைத்து, அவர் தம் கதையை மறுபடி சொல்லப் பழக்குவார்கள்.

நமக்கு அண்மையிலேயே ஒரு சான்று உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், ஏற்கெனவே போரால் நொந்திருந்த வடகிழக்கு இலங்கையில், 8 முதல் 14 வயது வரையுள்ள 31 பிள்ளைகளை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவிடம் கதை சொல்லும் இன்னொரு முறையைச் செய்து பார்த்தார்கள். பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியர்களே ஆலோசகர்கள். இம்முறையில் தரையில் ஒரு கயிறு, அது வாழ்க்கை. நல்ல நாளுக்குப் பூ, கெட்ட நாளுக்குக் கல். பிறகு பிறந்தது முதல் வரிசையாகப் பிள்ளை சொல்ல, ஆலோசகர் எழுதி, அடுத்த அமர்வில் வாசித்துக் காட்டுவார். ஆறு அமர்வுகள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது பெரும்பாலோர் தேறியிருந்தனர். நேர்மையாகச் சொன்னால், தியானமும் உடல் தளர்த்தலும் கற்ற மற்றொரு குழுவும் ஏறக்குறைய அதே அளவு தேறியது. ஆகவே இது ஒன்றே மருந்து என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

கெலமங்கலம், ஓசூர்ப் பக்கத்தில் ஆலை இயந்திரத்தில் விரல் இழந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். "நான் எதற்கும் உதவாதவன்" என்பதே அவர் கதை. நாமோ, "ஸப்ரு செய்யுங்கள்" என்று முதல் நாளே வாயை அடைத்துவிடுகிறோம். யஃகூப் (அலை) அவர்கள் கண் வெளுக்க அழுதார்கள். தம் துயரத்தை அல்லாஹ்விடமே முறையிடுவதாகச் சொன்னார்கள் (12:84, 86). அழுதது ஸப்ருக்கு மாறானதா? கல்லை எடுத்து ஒளிப்பதல்ல இந்த மருத்துவம். கயிறு அந்தக் கல்லோடு முடிந்துவிடவில்லை என்று காட்டுவது. இடது கையால் எழுதப் பழகியதும், மகளைப் பள்ளிக்கு அனுப்பியதும் அதே கயிற்றில்தானே கிடக்கின்றன? அவற்றைக் கேட்டு வாங்க வீட்டார் போதும்.

ஆனால் உறக்கமின்மை, திடுக்கிட்டு விழித்தல், உயிரை விடும் பேச்சு இருந்தால் வீட்டுப் பேச்சோடு நிறுத்தலாகாது. துஆவும் ஓதட்டும், மருத்துவரிடமும் போகட்டும். பெங்களூர் நிமான்ஸ் மருத்துவமனை நம் ஓசூர் சாலையிலேயே இருக்கிறது. அவ்வளவு தூரம் போக இயலாதவர் 14416 என்ற அரசின் இலவசத் தொலைபேசி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.